சும்மா உட்கார்ந்திருந்த மிஸ்

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர் என்று நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம், என்னையும் சேர்த்துத்தான், கேள்வியைக் கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்போம். சாப்பிட்டாயா, சாப்பிட்டிருப்பாய், மணி என்ன ஆகிறது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவது எங்கள் வழக்கம். நான் பிறந்து வளர்ந்து இன்றும் குடியிருப்பது கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். இந்த வீட்டில் ஆரம்பித்த வாக்கியத்தை அந்த வீட்டில் முடித்து வைப்பார்கள். யாருக்கும் அதில் வருத்தமில்லை.

அப்படிப்பட்ட ஊரில் வந்து, பதினோரு பேரை எதிரில் உட்கார வைத்து, கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார் எங்கள் மிஸ். ஆண்டர்சன்பேட்டையில் பழைய தொழிலாளர் சங்கத்தின் ஹால் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அங்கே இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தார். பெயர் தெரியாமல் இல்லை. மிஸ் மிஸ் என்றே கூப்பிட்டுப் பழகியதால், இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ சொல்வது மாதிரி இருக்கிறது.

என்னைவிடப் பத்து வயது சின்னவர். பூதிகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கண்டக்டரிடம் கன்னடம். துணிப்பை ஒன்று தோளில் தொங்கும். அதில் சாக்பீஸ், எவர்சில்வர் டம்ளர் ஒன்று, ஸ்பூன் ஒன்று, பிறகு அந்த வாரம் அவர்கள் நிலத்தில் என்ன விளைந்ததோ அது. தக்காளி, பீர்க்கங்காய், சில சமயம் ஒரு பிடி ராகிக் கதிர். இவ்வளவுதான் எங்கள் வகுப்பின் சாமான். ஹாலில் ஃபேன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இருக்குமா என்பது வேறு விஷயம்.

நான் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை எனக்கு. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். எட்டு வருஷம் அங்கே ஒரே மாடியைத் துடைத்தேன். எந்த அறையின் குழாய் ஒழுகும், எந்த நோயாளியின் உறவுக்காரர் தரையில் துப்புவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஃப்ளோர் இன்சார்ஜ் வேலை எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்குப் போயிற்று. ஷிப்ட் மாறும்போது அன்றைய நிலவரத்தை மேனேஜரிடம் வாயால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அதுதான் காரணம். நான் கன்னடத்தில் சண்டை போடுவேன், தெலுங்கில் பேரம் பேசுவேன், ஹிந்தியில் அதட்டக்கூடத் தெரியும். இங்கிலீஷில் யாராவது ஏதாவது கேட்டால் மட்டும் சிரிப்பேன். எட்டு வருஷம் சிரித்தே காலம் தள்ளினேன். அடுத்த தடவை இன்சார்ஜ் வேலை காலியாகும்போது சிரிக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் அந்த ஹாலுக்குப் போனேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலும் தெரிந்தது. ஆனால் தொண்டைக்கு மேலே ஒன்றும் வரவில்லை. இட்லிக்கு இங்கிலீஷிலும் இட்லிதான் என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. வழக்கம்போலச் சிரித்தேன். சிரித்தால் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. மேசை ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. என் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவர் மாதிரி, அவசரமும் இல்லை, அலட்சியமும் இல்லை. "இருக்கு, வரும்" என்றார். அதுவும் ஒரே ஒரு தடவை.

ஜன்னலுக்கு வெளியே சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசி எழும்பி அடங்கியது. யாரோ இருமினார்கள். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் இட்லி வந்தது. "இட்லி. த்ரீ" என்றேன். "ஒன்லி த்ரீ?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டார். "சாம்பார் நோ" என்றேன். ஹாலே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆஸ்பத்திரியில் எட்டு வருஷத்தில் பேசாததை நான்கு வார்த்தையில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவருடைய வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. போன் பையிலேயே இருக்க வேண்டும். ஆனால் பையில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டச் சொல்வார். தினமும் ரயிலில் போய் வருகிறவர்களின் பையில் என்ன இருக்கும்? டிபன் பாக்ஸ், சீசன் பாஸ், தைலம், சீப்பு, பாதி தின்ற கடலை மிட்டாய். அதை வைத்துப் பேச வேண்டும். இது என்ன, யார் வாங்கியது, ஏன் பாதியிலே நிற்கிறது. கடலை மிட்டாய் பாதியில் நிற்பதற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் பல் வலி வரும், பல் டாக்டர் வருவார், அவர் கேட்ட கட்டணம் வரும். இங்கிலீஷ் தானே பின்னால் ஓடிவரும்.

பிறகு நாற்காலிகளை எதிரும் புதிருமாக இரண்டு வரிசை போடுவோம். எதிரில் இருப்பவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஸ்பூனால் டம்ளரைத் தட்டினால் நிறுத்திவிட்டு ஒரு வரிசை மட்டும் ஓர் இடம் நகர வேண்டும். புது ஆளிடம் அதே விஷயத்தை மறுபடியும் சொல்ல வேண்டும். முதல் ஆளிடம் மூன்று வார்த்தையில் திணறியதை ஐந்தாவது ஆளிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருப்போம். இதற்கு ஷிப்ட் என்று பெயர் வைத்தது நாங்கள்தான். ஸ்பூன் வேலையை பேங்க்ஸ்மேன் மாமா எடுத்துக்கொண்டார். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்ட் என்கிற குழியின் வாயில் நின்று, ஆட்கள் போகும் இரும்புக் கூண்டான கேஜை இறக்கவும் ஏற்றவும் மணி கொடுத்தவர். பெங்களூரில் இருக்கும் பேத்தி இங்கிலீஷைத் தவிர வேறு எதற்கும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வகுப்புக்கு வந்தார். சிக்னல் விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. தட்டிய பிறகும் ஒரு நாள் நான் பேசிக்கொண்டிருந்தேன். "ஒரு தட்டு தட்டினா நிக்கணும்மா. கேஜே நிக்கும், நீ இன்னா?" என்றார்.

இவ்வளவு நடக்கும்போதும் மிஸ் பேசுவது குறைவு. தப்பாகப் பேசினால் நடுவில் திருத்த மாட்டார். முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, தான் சரியாகக் கேட்டுக்கொண்டோமா என்று விசாரிப்பவர் மாதிரி அதையே நல்ல இங்கிலீஷில் திருப்பிச் சொல்வார். நாம் தலையாட்டுவோம். அடுத்த வாரம் அந்த நல்ல வாக்கியம் நம் வாயிலிருந்து வரும்போது அது நம்முடையது என்றே நினைத்துக்கொள்வோம்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. வீட்டு மனை புரோக்கர் ஒருவர் வந்தார். ஊர் முழுக்கப் பேசித்தான் பிழைக்கிறவர். அவரைப் பார்த்து ஒரு சின்னக் கேள்வி கேட்டார் மிஸ். அவருக்கு வரவில்லை. மிஸ் உட்கார்ந்திருந்தார். மனிதருக்குக் காது சிவந்தது. "சொல்லிக் குடுக்க வந்தவங்க சும்மா ஒக்காந்துகினு கீறாங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். மிஸ் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நானும் புரோக்கர் பக்கம்தான். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? முதலில் இந்தம்மாவுக்கே இங்கிலீஷ் தெரியுமா என்றுகூட ரயிலில் பேசிக்கொண்டோம்.

தெரியும் என்பது பிறகு தெரிந்தது. முன்பு ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்திருக்கிறார். அங்கேயும் இதே கதை. பிள்ளைகளிடம் கேள்வி கேட்பாராம், காத்திருப்பாராம், அதனால் பரீட்சைக்குள் போர்ஷன் முடியாதாம். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகுதான் ஹாலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இதை அவராகச் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் ஆயாவாக இருந்தவர் எங்கள் லைனில் குடியிருந்தார், அதனால் ஊருக்கே தெரிந்தது.

ஒரு தடவை என்மேல் கோபப்பட்டார். செல்வி என்று ஒருத்தி வருவாள், கார்மென்ட்ஸில் பேக்கிங் வேலை, என்னோடு ஒரே ரயில். தமிழிலேயே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவள் முறை வந்தது. பையிலிருந்து எடுத்த குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மிஸ் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு அரித்தது. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? "அம்ப்ரெல்லாடி" என்று சொல்லிவிட்டேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் சுற்றிலும் பார்த்தேன். மிஸ் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, அது அவங்க வாய்க்குள்ள வந்துடுச்சு. நீங்க எடுத்துட்டீங்க. இப்ப திருப்பிக் குடுங்க" என்றார்.

சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? செல்வியின் எதிரில் என்னை உட்காரச் சொன்னார். கேள்வியை நான் கேட்க வேண்டும், பதில் வரும்வரை நானே காத்திருக்க வேண்டும். கேட்டேன். இந்தக் குடை இதுவரை எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது கேள்வி. எனக்குப் பிரசவ வலிகூட இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. காலை ஆட்டினேன், முந்தானையை முறுக்கினேன், பல்லைக் கடித்தேன். செல்வி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பிறகு, குடையை ரயிலில் விட்டதையும் மறுநாள் அதே பெட்டியில் அதே கம்பியில் அது தொங்கியதையும் சொன்னாள். உடைந்த இங்கிலீஷ்தான், ஆனால் முழுக் கதை. இரண்டு வருஷமாக எதிர் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். அவளுக்கு ஒரு கதை சொல்ல வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வெட்கமாக இருந்தது.

அதற்காக அவரை உடனே தெய்வமாக்கிவிடவில்லை நான். இன்சார்ஜ் வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டபோது முடியாது என்றுவிட்டார். மேனேஜரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், என்ன சொல்லப்போகிறீர்களோ அதை இங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், எழுதித் தர மட்டும் மாட்டேன் என்றார். ஐந்து நிமிஷ வேலை அவருக்கு. கல் நெஞ்சுக்காரி என்று முடிவு கட்டி இரண்டு ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் போனேன். எங்கே போனீர்கள், ஏன் வரவில்லை என்று அவர் தமிழில் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இங்கிலீஷில் கேட்டார். சண்டை போடுகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் பத்தவில்லை, ஆனாலும் போட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். கடைசியில் நான் திட்டியதையே அழகான இங்கிலீஷில் எனக்குத் திருப்பிச் சொல்லி, சரிதானே அக்கா என்றார்.

இப்போது அவர் மைசூர் பக்கம் எங்கோ ஒரு பயிற்சி நிலையத்தில் இருக்கிறார் என்று கேள்வி. நான் எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடிக்கு இன்சார்ஜ். மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். இரண்டு இடத்தில் திக்கினேன், வேலை கிடைத்தது. அது பெரிய கதை இல்லை. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் அந்த ஹாலுக்கு வந்த ஆபத்தை.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று சங்கத்துக் கமிட்டியிடம் வந்து ஹாலை ஏழு நாளும் தங்களுக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டது. சுவர் நிறைய ஸ்க்ரீன் வைப்பார்களாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மெஷினிடம் இங்கிலீஷ் பேசலாமாம். கமிட்டியில் பாதிப் பேர் சரி என்றுவிட்டார்கள். மீதிப் பேர், இருக்கிற வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் அடுத்த ஞாயிறு வருவார். ஆட்கள் நிஜமாகவே பேசுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை நமக்கு. இல்லையென்றால் ஹால் சாவியை அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிட வேண்டும். மிஸ் இதை ஒளிக்காமல் எங்களிடம் சொன்னார். அவரிடம் வேறு இடம் இல்லை, வேறு வேலையும் இல்லை. எங்களுக்கும் இந்த ஹாலை விட்டால் வேறு கதி இல்லை. மெஷினிடம் போய் இட்லி த்ரீ என்று சொன்னால் அது ஒன்லி த்ரீ என்று கேட்குமா?

என்ன தயார் செய்யலாம் மிஸ் என்று கேட்டோம். ஒன்றும் வேண்டாம், எப்போதும் மாதிரி வாருங்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதும் மாதிரி என்றால் பெரியவர் கேள்வி கேட்பார், நாங்கள் விழிப்போம், இவர் சும்மா உட்கார்ந்திருப்பார். சாவி போய்விடும்.

எனவே பொறுப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஆபீஸில் இருக்கும் ஒரு பெண்ணைப் பிடித்து, தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இங்கிலீஷ் பேச்சு ஒன்றை எழுதி வாங்கினேன். அதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பதினோரு காப்பி எடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மிஸ்ஸுக்குத் தெரியாமல் எல்லோரும் என் வீட்டில் கூடினோம். டீ போட்டேன், மசால் வடை போட்டேன். பேங்க்ஸ்மேன் மாமா நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவராக ஒப்பிக்க வைத்தார். எங்கள் சுவர்தான் தெரியுமே. எட்டு மணிக்கு அடுத்த வீட்டம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே அதை முழுக்க ஒப்பித்தார், எங்களைவிட நன்றாக. எல்லோருக்கும் ஒரே பேச்சு என்பது எங்கள் யாருக்கும் தப்பாகவே படவில்லை. பள்ளியில் எல்லோரும் ஒரே பதிலைத்தானே எழுதினோம்?

ஞாயிறு வந்தது. பெரியவர் வெள்ளைச் சட்டையில், குடையோடு வந்தார். தங்கவயலில் பிறந்து பெங்களூரில் குடியேறியவர், மரியாதையான மனிதர். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பேங்க்ஸ்மேன் மாமா எழுந்து கையைக் கட்டிக்கொண்டு மடமடவென்று ஒப்பித்தார். மை ஹாபி ஈஸ் கார்டனிங் என்று முடித்தார். அடுத்த ஆள் எழுந்தார். அவருக்கும் ஹாபி கார்டனிங். மூன்றாவது ஆளும் தோட்டம் போட்டபோது பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லைன் வீட்டு வாசலில் ஒரு சாண் மண் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

மிஸ்ஸைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்னும் எட்டு பேர்தான், கண்டும் காணாமல் இருந்திருந்தால் எப்படியோ முடிந்திருக்கும். அவர் எழுந்து என் முன்னால் வந்தார். நேற்று சாயங்காலம் என்ன செய்தீர்கள் அக்கா என்று இங்கிலீஷில் கேட்டார். கேட்டுவிட்டு மேசை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் நின்றேன். தமிழில் என்றால் அந்த இடத்திலேயே ஒன்பது பொய் சொல்லியிருப்பேன். கோயிலுக்குப் போனேன், துணி துவைத்தேன், தங்கைக்கு உடம்பு சரியில்லை. இங்கிலீஷில் ஒரு பொய்யைக் கட்டி நிறுத்தும் அளவுக்கு எனக்குச் சரக்கு இல்லை. உண்மைக்கு மட்டும்தான் வார்த்தை இருந்தது, அதுவும் ஏழெட்டு. பெரியவர் இரக்கப்பட்டு என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மிஸ் கையை லேசாக உயர்த்தி அவரையும் காத்திருக்க வைத்தார். கமிட்டிக்காரரையே. செல்வி மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் என் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்டர்டே, மை ஹவுஸ்" என்றேன். "லெவன் பீப்பிள். வீ பைஹார்ட் ஒன் ஸ்பீச். ஐ மேக் டீ. மிஸ் டோண்ட் நோ."

பெரியவர் முன்னால் சாய்ந்து ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் யோசிக்கவே இல்லை.

"சார், திஸ் ஹால் வீ வான்ட். ஸ்க்ரீன் கமிங், ஹால் கோயிங், வீ ஃபியர். எய்ட் இயர்ஸ் ஐ ஒன்லி ஸ்மைல் சார். ஹியர் ஐ டாக்."

உட்காரலாம் என்று பார்த்தால் பேங்க்ஸ்மேன் மாமா எழுந்துவிட்டார். திட்டம் என்னுடையது, தான் ஸ்பூன் மட்டும்தான் என்று அவர் இங்கிலீஷில் என்னைக் காட்டிக்கொடுத்தார். வடையை ஐந்து தின்றது யார் என்று நான் கேட்டேன். செல்வி எழுந்து, தன்னிடம் தோட்டம் இல்லை, ஒரு துளசி இருக்கிறது, அதற்கும் தண்ணீர் ஊற்றுவது மாமியார்தான் என்றாள். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஒருவர் வாக்கியத்தை ஒருவர் வெட்டிக்கொண்டு, லைன் வீட்டில் பேசுவது மாதிரி, ஆனால் இங்கிலீஷில். பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்து, அந்த வடை மிச்சம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார்.

ஐந்து மணிக்கு அவர் எழுந்தார். மிஸ்ஸிடம் போய் நின்றார். மிஸ் கையில் ஹால் சாவி தயாராக இருந்தது.

"வெச்சுக்கோம்மா. ஞாயித்துக்கெழம உங்களுது. நான் சொல்லிக்கிறன்" என்றார்.

அவர் போன பிறகு எல்லோரும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். நான் மட்டும் பின்தங்கினேன். மன்னிப்புக் கேட்கவா, சண்டை போடவா என்று எனக்கே தெரியவில்லை. மிஸ் கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டார். நான் வாயடைத்துப் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். காத்திருந்திருப்பேன் என்றார். ஹால் போயிருந்தால்? "போயிருக்கும் அக்கா" என்றார். அவ்வளவு சாதாரணமாக. எனக்குப் பழைய கோபம் மறுபடியும் தலைக்கேறியது. உங்களுக்குப் பயமே கிடையாதா என்று கேட்கப்போனேன். அப்போதுதான் பார்த்தேன், சாவி பூட்டுக்குள் போகவில்லை. துவாரத்தைச் சுற்றிச் சுற்றி இடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ரொம்ப பயந்துட்டீங்களா மிஸ்?"

அவர் சாவியை இன்னொரு தடவை துவாரத்தில் வைத்துப் பார்த்தார். பதிலை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு மட்டும் இல்ல அக்கா" என்றார். "ஒவ்வொரு தடவையும். நீங்க இட்லின்னு சொல்ற வரைக்கும், செல்வி அந்தக் குடையப் பத்தி சொல்ற வரைக்கும். வராமலே போயிடுமோன்னு உள்ளுக்குள்ள ஆடிப்போயிடும். நானே சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடும்."

இத்தனை ஞாயிறும் இவரைக் கல் என்று நினைத்திருந்தேன். எங்கள் பதினோரு பேருடைய பயத்தையும் தனியாக ஒரு மேசை ஓரத்தில் உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வாசலில் நின்று எனக்கு அழுகை வந்தது. தடுக்கவும் தோன்றவில்லை.

சாவி இன்னும் பூட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பாணியில் என்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கு என்றைக்கும் வராது.

"குடுங்க மிஸ்" என்று சாவியைப் பிடுங்கினேன். "பூட்டுக்கெல்லாம் காத்துக்கினு நின்னா பஸ் போயிடும்."

பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். சாவியை அவர் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன்.